8085 அசெம்பிளி: கிட்டின் முன்னால் உட்காரும்போது அடிக்கடி வரும் கேள்விகள்

உயர்தரத்தில் ஐ.சி.ரி. பாடத்தைத் தமிழில் படித்துவிட்டு, கொழும்பில் கம்பஸுக்கோ டிப்ளோமா வகுப்புக்கோ போகிறவர்கள் சிலருக்கு முதல் வருடத்திலேயே 8085 என்ற மைக்ரோபுரொசசரும் அதற்குக் கட்டளை எழுதும் அசெம்பிளி மொழியும் வந்துவிடுகின்றன. விரிவுரை ஆங்கிலத்தில், கிட்டின் (8085 சிப், விசைகள், சிறு காட்சித்திரை கொண்ட பயிற்சிப் பலகையின்) புத்தகம் அதைவிடச் சிக்கலான ஆங்கிலத்தில். வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் திருப்பித் திருப்பிக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கட்டளைகளின் பெயர்களையும் பதினறும (பதினாறின் அடியிலான, 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) இலக்கங்களையும் நாம் வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். 3ஈ என்றால் கிட்டில் 3 விசையையும் அடுத்து ஈ விசையையும் அழுத்த வேண்டும். புரோகிராம்களுக்குள் வரும் எண்களெல்லாம் பதினறுமம்.

8085 எந்தக் காலத்துச் சாமான்?

1976-இல் இன்டெல் வெளியிட்டது. 40 கால்கள் கொண்ட 8 பிட் சிப். உள்ளே ஏறத்தாழ 6,500 டிரான்சிஸ்டர்கள். அதற்கு முந்திய 8080 (1974) ஓடுவதற்கு மூன்று வெவ்வேறு வோல்ட்டேஜ் தேவைப்பட்டது. 8085-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும். பெயரின் கடைசி 5 அதைத்தான் சொல்கிறது. முகவரிக்கு 16 பிட் இருப்பதால் 65,536 பைட், அதாவது 64 கிலோபைட் நினைவகம் வரை எட்டும்.

சேர், இதை இன்னும் ஏன் படிக்கிறோம்?

பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு பதில். என் பதில் வேறு. இந்த சிப்பை முழுதாக ஒருவர் தலைக்குள் வைத்திருக்க முடியும். ஏழு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடங்கள்), ஐந்து ஃபிளாக், ஒரு நினைவகம், அவ்வளவுதான். இன்று உங்கள் கையில் இருக்கும் போனின் புரொசசரை அப்படி யாராலும் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் எது மாறியது, எது மாறவில்லை என்று பென்சிலால் எழுதிக் காட்டக்கூடிய ஒரு இயந்திரத்தில் பழகினால், பிறகு அர்டுயீனோவிலோ சி மொழியிலோ ஏதாவது விசித்திரமாக நடக்கும்போது எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

பழசு என்று இளக்காரமாகப் பார்க்கவும் வேண்டாம். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்திலிருந்து வெளியே உருண்டு போன சோஜர்னர் வண்டிக்குள் இருந்தது 80சி85, இதே குடும்பம். வேகம் வெறும் 2 மெகாஹெர்ட்ஸ்.

மகனுக்குக் கிட் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? (ஒரு அம்மா கேட்டது)

வேண்டாம் அக்கா. லாப்பில் இருக்கும் கிட் போதும். வீட்டில் பழக ஜிஎன்யூசிம்8085 என்ற இலவச சிமுலேட்டர் இருக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம். அந்தக் காசுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பிரெட்போர்ட், கொஞ்சம் எல்.ஈ.டி., ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். அது பல வருடம் உதவும்.

ரெஜிஸ்டர்கள் எவை?

ஏ, பி, சி, டி, ஈ, எச், எல் என்று ஏழு. ஒவ்வொன்றும் 8 பிட். கணக்கெல்லாம் ஏ-யில்தான் நடக்கும், விடையும் அங்கேதான் வரும். அதனால் அதற்கு அக்யூமுலேட்டர் என்று தனிப்பெயர். மற்ற ஆறும் பி-சி, டி-ஈ, எச்-எல் என்று சோடி சேர்ந்து 16 பிட் ஆகும். இவை தவிர 16 பிட் அளவில் இரண்டு: அடுத்த கட்டளை எங்கே என்று வைத்திருக்கும் புரோகிராம் கவுண்டர், ஸ்டாக்கின் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவகப் பகுதியின்) உச்சியை வைத்திருக்கும் ஸ்டாக் பொயின்டர்.

மூவ் ஏ, பி என்றால் பி-யில் உள்ளது ஏ-க்குப் போகும். இடம் வலமாக வாசித்து ஏ-யிலிருந்து பி-க்கு என்று நினைத்துவிடாதீர்கள். சேரும் இடம் முதலில், எடுக்கும் இடம் பிறகு. பெயர் மூவ் என்றாலும் நடப்பது பிரதி எடுப்பதுதான். பி-யில் இருந்தது பி-யிலும் அப்படியே இருக்கும்.

முதல் புரோகிராம் ஒன்று சொல்லுங்கள்.

இரண்டு எண்களைக் கூட்டுவோம். உங்கள் கிட்டின் ரேம் 8000-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்கிறேன். சில கிட்களில் 2000, சிலவற்றில் 4100 அல்லது சி000. புத்தகத்தில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

8000: 3ஈ 25 — எம்.வி.ஐ ஏ, 25
8002: 06 17 — எம்.வி.ஐ பி, 17
8004: 80 — ஆட் பி
8005: 32 50 80 — எஸ்.டி.ஏ 8050
8008: 76 — எச்.எல்.டி

இடப்பக்கம் முகவரி, நடுவில் கிட்டில் அடிக்க வேண்டிய பைட்கள், வலப்பக்கம் மனிதர் வாசிக்கும் வடிவம். ஏ-யில் 25 போடு, பி-யில் 17 போடு, பி-யை ஏ-யுடன் கூட்டு, ஏ-யை 8050-இல் எழுது, நில். முகவரிகள் 8000, 8002, 8004 என்று ஒழுங்கில்லாமல் தாவுவதைக் கவனியுங்கள். எம்.வி.ஐ இரண்டு பைட், ஆட் ஒரு பைட், எஸ்.டி.ஏ மூன்று பைட்.

25-ம் 17-ம் கூட்டினால் 42 வர வேண்டும். எனக்கு 3சி வருகிறது. கிட் பழுதா?

கிட் சரி. நீங்கள் அடித்த 25 பதினறுமம். நம் கணக்கில் அது 37. அதேபோல 17 என்பது 23. கூட்டினால் 60, அதன் பதினறும வடிவம் 3சி.

42-தான் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. ஆட் பி-க்கு அடுத்த வரியிலேயே டி.ஏ.ஏ (27) போடுங்கள். கடைசி இலக்கம் 9-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, தாண்டியிருந்தால் 6-ஐக் கூட்டும். 3சி-யுடன் 6 கூட்டினால் 42. பழைய கல்குலேட்டர், மணிக்கூடு, பெட்ரோல் செட் மாதிரி, மனிதருக்குப் பத்தின் அடியில் எண் காட்ட வேண்டிய கருவிகளுக்காக வைத்த கட்டளை இது. ஒன்று: கூட்டலுக்கு உடனே பின்னால்தான் போட வேண்டும். கழித்தலுக்குப் பிறகு போட்டால் 8085-இல் சரியான விடை வராது.

இதே தவறு இன்னொரு வடிவில் வரும். பத்து எண்களைக் கூட்டச் சொன்னால் கவுண்டரில் 10 என்று அடித்துவிடுவார்கள். அது 16. பத்துக்கு 0ஏ.

8050 என்பதை ஏன் 50 80 என்று திருப்பி அடிக்க வேண்டும்?

இன்டெல் வைத்த ஒழுங்கு அது: 16 பிட் எண்ணில் கீழ்ப் பாதி முதலில், மேல் பாதி பிறகு. இன்று உங்கள் லாப்டொப்பில் இருக்கும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப்பும் நினைவகத்தில் இப்படித்தான் எழுதுகிறது. மாற்றி அடித்தால் பிழை என்று எதுவும் சொல்லாது. விடை 5080-க்குப் போகும், அந்த இடத்தில் உங்கள் கிட்டில் ரேமே இல்லாமலும் இருக்கலாம்.

எம் என்று ஒரு ரெஜிஸ்டர் வருகிறதே, அது எங்கே இருக்கிறது?

அப்படி ஒன்று சிப்புக்குள் இல்லை. எச்-எல் சோடியில் ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரியில் உள்ள நினைவகப் பைட்தான் எம். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையின் வீட்டு இலக்கமும் அந்த வீட்டில் இருப்பவரும் ஒன்றல்ல, அல்லவா? எச்-எல் வீட்டு இலக்கம், எம் உள்ளே இருப்பவர். ஐ.என்.எக்ஸ் எச் என்றால் அடுத்த வீட்டுக்குப் போ. ஐ.என்.ஆர் எம் என்றால் இதே வீட்டில் உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒன்றும் சரிவராது.

சி மொழியில் பொயின்டர் விளங்கவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் இங்கே ஒரு நாள் செலவழித்தால் போதும்.

ஃபிளாக் என்றால் என்ன? எல்லோரும் அதில்தான் பிழை விடுகிறார்கள் என்கிறீர்களே?

கடைசியாக நடந்த கணக்கைப் பற்றிய ஐந்து ஒற்றை பிட் குறிப்புகள். சைன், சீரோ, ஒக்சிலியரி கேரி, பாரிட்டி, கேரி. ஆரம்பத்தில் சீரோ, கேரி இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். விடை 00 என்றால் சீரோ 1 ஆகும். விடை 8 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தால் கேரி 1 ஆகும். உதாரணமாகப் பதினறுமத்தில் 90-உடன் 85 கூட்டினால் 115. ஏ-யில் 15 மட்டும் இருக்கும், அந்த முன் 1 கேரியில் போய் நிற்கும். கழிக்கும்போது கடன் வாங்கினாலும் இதே கேரிதான் 1 ஆகும்.

இதுவரை எல்லோருக்கும் விளங்கும். சிக்கல், எந்தக் கட்டளை ஃபிளாக்கைத் தொடும், எது தொடாது என்பதில். தாவும் கட்டளைகள் (சீரோ 1 என்றால் தாவும் ஜே.இசட், 0 என்றால் தாவும் ஜே.என்.இசட், கேரி 1 என்றால் தாவும் ஜே.சி, 0 என்றால் தாவும் ஜே.என்.சி) ஃபிளாக்கை மட்டுமே பார்க்கும், ரெஜிஸ்டரைப் பார்க்காது. ஆகவே ஃபிளாக்கைக் கடைசியாக யார் தொட்டது என்பதே கேள்வி.

மூவ், எம்.வி.ஐ, எல்.டி.ஏ, எஸ்.டி.ஏ எதுவும் ஃபிளாக்கைத் தொடாது. எல்.டி.ஏ 8050 என்று அந்த முகவரியில் உள்ளதை ஏ-க்கு எடுத்து, அது பூச்சியமா என்று பார்க்க உடனே ஜே.இசட் போடுகிறார்கள். வேலை செய்யாது. அதற்கு முந்திய ஏதோ ஒரு கணக்கின் ஃபிளாக்தான் அங்கே கிடக்கிறது. சில நேரம் தற்செயலாகச் சரியாகவும் வந்துவிடும், அதுதான் ஆகலும் ஆபத்து. இடையில் ஓர்.ஏ ஏ (பி7) போடுங்கள். ஏ-யை ஏ-யுடனே ஓர் செய்வதால் மதிப்பு மாறாது, ஃபிளாக் மட்டும் புதிதாகும்.

ஒன்றைக் கூட்டும் ஐ.என்.ஆர், ஒன்றைக் குறைக்கும் டி.சி.ஆர் இரண்டும் சீரோவைத் தொடும், கேரியைத் தொடாது. எஃப்எஃப்-இல் ஒன்றைக் கூட்டினால் 00 வரும், கேரி அப்படியே இருக்கும். இது குறையல்ல, வசதி: கேரியைப் பல பைட் கூட்டலுக்கு வைத்திருக்கும்போதே லூப் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

ஐ.என்.எக்ஸ், டி.சி.எக்ஸ் எந்த ஃபிளாக்கையும் தொடாது. 16 பிட் சோடியைக் குறைத்துவிட்டு ஜே.என்.இசட் போட்டு, லூப் முடியவே இல்லை என்று உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். டி.சி.எக்ஸ் டி-க்குப் பிறகு மூவ் ஏ, டி, அப்புறம் ஓர்.ஏ ஈ. இரண்டு பாதியும் பூச்சியமாக இருந்தால் மட்டுமே சீரோ ஃபிளாக் எழும்.

கொப்பியின் பின் அட்டையில் இந்த மூன்று பந்தியையும் எழுதி ஒட்டுங்கள். கட்டளைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பெறுமதி.

லூப் ஒன்றை முழுதாகக் காட்டுங்கள்.

8050 முதல் உள்ள மூன்று எண்களைக் கூட்டி, விடையை 8060-இலும், வழிந்ததை 8061-இலும் வைப்போம்.

8000: 21 50 80 — எல்.எக்ஸ்.ஐ எச், 8050
8003: 0ஈ 03 — எம்.வி.ஐ சி, 03
8005: ஏஎஃப் — எக்ஸ்.ஆர்.ஏ ஏ
8006: 47 — மூவ் பி, ஏ
8007: 86 — ஆட் எம்
8008: டி2 0சி 80 — ஜே.என்.சி 800சி
800பி: 04 — ஐ.என்.ஆர் பி
800சி: 23 — ஐ.என்.எக்ஸ் எச்
800டி: 0டி — டி.சி.ஆர் சி
800ஈ: சி2 07 80 — ஜே.என்.இசட் 8007
8011: 32 60 80 — எஸ்.டி.ஏ 8060
8014: 78 — மூவ் ஏ, பி
8015: 32 61 80 — எஸ்.டி.ஏ 8061
8018: 76 — எச்.எல்.டி

எல்.எக்ஸ்.ஐ எச் என்பது எச்-எல் சோடியில் 16 பிட் எண்ணை வைக்கும். எக்ஸ்.ஆர்.ஏ ஏ என்பது ஏ-யைப் பூச்சியமாக்கும் குறுக்குவழி. எம்.வி.ஐ ஏ, 00 இரண்டு பைட் எடுக்கும், இது ஒன்று.

8050-இல் 90, 8051-இல் 85, 8052-இல் 20 இருக்கட்டும். ஓட்டுவதற்கு முன் கையால் ஓட்டிப் பாருங்கள்:

முதல் சுற்று: ஏ=90, பி=00, சி=02
இரண்டாம் சுற்று: ஏ=15, கேரி எழுந்ததால் பி=01, சி=01
மூன்றாம் சுற்று: ஏ=35, பி=01, சி=00, லூப் முடிந்தது

விடை 0135. இந்த அட்டவணை எழுதாமல் கிட்டைத் தொடாதீர்கள். எழுதியிருந்தால், பிழையான விடையைப் பார்த்தே காரணத்தைச் சொல்லலாம். 8060-இல் 20, 8061-இல் 00 என்று வருகிறதா? ஜே.என்.இசட்-இன் முகவரியை 8005 என்று அடித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏ, பி இரண்டும் திரும்பப் பூச்சியமாகி, கடைசி எண் மட்டும் மிஞ்சுகிறது. ஓட்டினால் நிற்கவே இல்லையா? 8003-க்குத் தாவுகிறீர்கள், கவுண்டர் ஒவ்வொரு தடவையும் மீண்டும் 3 ஆகிறது.

டிலே லூப்பின் (நேரத்தைப் போக்க மட்டும் ஓட்டும் லூப்பின்) நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

பரீட்சையில் அநேகமாக வரும். வழக்கமான கிட்டில் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் இருக்கும். சிப் அதை உள்ளே பாதியாக்கி 3.072-இல் ஓடும். ஆகவே ஒரு ரி-ஸ்டேட் (சிப்பின் ஒரு கடிகாரத் துடிப்பு) ஏறத்தாழ 0.3255 மைக்ரோசெக்கன்.

எம்.வி.ஐ சி, எஃப்எஃப் (7 ரி-ஸ்டேட்), பிறகு டி.சி.ஆர் சி (4), ஜே.என்.இசட் (தாவினால் 10, தாவாவிட்டால் 7). சுற்று 255. 255-ஐ 14-ஆல் பெருக்கினால் 3570. தொடக்கத்தின் 7-ஐக் கூட்டி, கடைசித் தடவை தாவாததால் 3-ஐக் கழித்தால் 3574. அதாவது 1.16 மில்லிசெக்கன். அந்த 3-ஐக் கழிக்க மறப்பதில்தான் புள்ளி போகிறது.

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எல்.ஈ.டி. மினுங்க இது போதாது. மேலே சொன்ன டி.சி.எக்ஸ் டி, மூவ் ஏ டி, ஓர்.ஏ ஈ, ஜே.என்.இசட் லூப் ஒரு சுற்றுக்கு 24 ரி-ஸ்டேட். டி-ஈ-யில் எஃப்எஃப்எஃப்எஃப் வைத்தால் ஏறத்தாழ அரை செக்கன் கிடைக்கும்.

கோல் (சப்ரூட்டீன் என்ற துணை நிரலுக்குப் போகும் கட்டளை) போட்டால் புரோகிராம் எங்கோ ஓடிவிடுகிறது.

ஸ்டாக் பொயின்டரை வைத்தீர்களா? கோல் செய்யும்போது திரும்ப வேண்டிய முகவரி ஸ்டாக்கில் எழுதப்படும். ஸ்டாக் பொயின்டர் ரேம் இல்லாத இடத்தைக் காட்டினால், ரெட் (திரும்பும் கட்டளை) வரும்போது குப்பையை எடுத்துக்கொண்டு அங்கே போகும். முதல் வரியில் எல்.எக்ஸ்.ஐ எஸ்.பி. போட்டு, ரேமின் மேல் பக்கத்து முகவரி ஒன்றைக் கொடுங்கள். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும். கிட்டின் மொனிட்டர் (விசைகளையும் திரையையும் இயக்கும், கிட்டோடு வரும் புரோகிராம்) தனக்கென்று வைத்திருக்கும் பகுதியை மட்டும் தவிருங்கள்.

அது சரியென்றால், சப்ரூட்டீனுக்குள் எத்தனை புஷ் (ஸ்டாக்கில் வைப்பது), எத்தனை பொப் (ஸ்டாக்கிலிருந்து எடுப்பது) என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் இதே கதிதான்.

இன்டரப்ட்?

ஓடும் புரோகிராமை வெளியிலிருந்து இடைநிறுத்தும் சைகைகள் அவை. டிராப், 7.5, 6.5, 5.5, இன்டர் என்று ஐந்து. டிராப்பைத் தடுக்க முடியாது, மற்றவற்றை முடியும். லூப்பும் ஸ்டாக்கும் கைக்கு வரும்வரை தொடாதீர்கள்.

எச்.எல்.டி-க்குப் பிறகு கிட் ஒன்றும் செய்யாமல் நிற்கிறது.

அதன் வேலையே அதுதான். ரீசெட்டோ இன்டரப்ட்டோ வரும்வரை சிப் நிற்கும். ரீசெட் அழுத்துங்கள், புரோகிராம் கவுண்டர் 0000-க்குப் போய் மொனிட்டர் மீண்டும் ஓடும், ரேமில் உங்கள் விடை அப்படியே இருக்கும். சில கிட்களில் எச்.எல்.டி-க்குப் பதிலாக ஆர்.எஸ்.ரி 1 அல்லது ஆர்.எஸ்.ரி 5 போட்டால் நேரே மொனிட்டருக்குத் திரும்பலாம்.

நடுவில் ஒரு கட்டளையை மறந்துவிட்டேன். எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். 8085-இல் தாவும் முகவரிகள் முழு முகவரிகள். ஒரு பைட் நகர்ந்தால் அதற்குப் பின்னால் போகும் எல்லா ஜம்ப்பும் பிழைக்கும். அதனால் முதல் தடவை அடிக்கும்போது ஆங்காங்கே இரண்டு மூன்று நொப் (00, ஒன்றும் செய்யாத கட்டளை) விட்டு வையுங்கள். இன்னொரு தந்திரம்: பிழையான இடத்தில் ஒரு ஜம்ப் போட்டு, வெறுமையான இடமொன்றுக்குப் போய், ஜம்ப் விழுந்த இடத்தில் இருந்த கட்டளைகளையும் விட்ட கட்டளையையும் அங்கே எழுதி, திரும்பத் தாவுவது. அசிங்கமானதுதான், ஆனால் லாப் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அழகு பார்க்க ஏலாது.

கரண்ட் போனால்?

ரேமில் இருந்தது போய்விடும். பற்றரி பின்புலம் உள்ள கிட் என்றால் தப்பும். 2022 மின்வெட்டுக் காலத்தில் படித்தவர்கள் யாரும் கொப்பியில் எழுதாமல் கிட்டில் அடிப்பதில்லை.

இதற்குப் பிறகு 8086 படிக்க இது உதவுமா?

நேரடியாக. 1978-இல் 8086 வந்தபோது, பழைய மூலநிரலைப் புதிய சிப்புக்கு மாற்றித் தரும் மென்பொருளையும் இன்டெல் கொடுத்தது. அதனால் ரெஜிஸ்டர்கள் பொருந்தும்: ஏ அங்கே ஏ.எல்., எச்-எல் அங்கே பி.எக்ஸ்., பி-சி அங்கே சி.எக்ஸ்., டி-ஈ அங்கே டி.எக்ஸ். புதிதாகக் கற்க வேண்டியது செக்மென்ட், அதாவது நினைவகத்தைப் பகுதிகளாகப் பார்ப்பது. முகவரி 20 பிட், நினைவகம் 1 மெகாபைட், ஆனால் ரெஜிஸ்டர் 16 பிட்தான். செக்மென்ட் எண்ணைப் பதினறுமத்தில் ஒரு இலக்கம் இடப்பக்கம் நகர்த்தி ஒஃப்செட்டை (பகுதிக்குள் உள்ள தூரத்தை) கூட்டினால் உண்மையான முகவரி வரும்: 2000-உம் 0150-உம் சேர்ந்தால் 20150.